ஈரி இன்சூரன்ஸ் வளர்ந்த விதம்: வட்டார வாகன, வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்கள் குறித்து ஒரு விவாதம்

#1 காவிரிக்கரையான்

அமெரிக்க வாகனக் காப்பீட்டைப் பற்றிப் பேசினால் ஸ்டேட் ஃபார்ம், கெய்கோ, புரோகிரசிவ் ஆகிய மூன்று பெயர்களோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாடு முழுவதும் விளம்பரம் செய்யும் அந்த நிறுவனங்களுக்கு நடுவே, தங்கள் வட்டாரத்தை விட்டு அதிகம் விலகாமலே பெரிதாக வளர்ந்தவையும் சில உண்டு. அவற்றுள் நான் நெடுநாளாகக் கவனித்து வருவது, பென்சில்வேனியாவின் வடமேற்கு மூலையில் ஏரிக்கரை நகரமான ஈரியிலிருந்து இயங்கும் ஈரி இன்சூரன்ஸ். 2025-இல் நூறாண்டை நிறைவு செய்த இந்நிறுவனம் இன்றும் 12 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் மட்டுமே பாலிசி விற்கிறது. அதன் வளர்ச்சியை முன்வைத்து, வட்டாரக் காப்பீட்டு நிறுவனம் எதனால் வளர்கிறது, எங்கே இடறுகிறது என்பதை இந்த இழையில் விவாதிக்க விரும்புகிறேன்.

எச்.ஓ. ஹர்ட், ஓ.ஜி. கிராஃபோர்ட் ஆகிய இருவரும் வேறொரு காப்பீட்டு நிறுவனத்தில் விற்பனையாளர்களாக இருந்தவர்கள். பங்குகளை விற்று 31,000 டாலர் திரட்டி, 1925 ஏப்ரல் 20 அன்று கடையைத் திறந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த அமைப்பு வழக்கமான பங்கு நிறுவனமும் அன்று, பாலிசிதாரர்களே உரிமையாளர்களான பரஸ்பர நிறுவனமும் அன்று. 1881-இல் நியூயார்க் துணி வணிகர்கள் தங்களுக்குள் ஒருவருக்கொருவர் காப்பீடு கொடுத்துக்கொள்ளத் தொடங்கிய ‘ரெசிப்ரோகல் எக்ஸ்சேஞ்ச்’ என்னும் முறை அது. பாலிசிதாரர்கள் சேர்ந்ததுதான் ஈரி இன்சூரன்ஸ் எக்ஸ்சேஞ்ச். இழப்பீடு கொடுப்பதும், பெரிய இழப்புகளுக்குக் கையிருப்பாக உபரி நிதியைச் சேர்த்து வைப்பதும் அதுவே. அவர்கள் சார்பில் பாலிசி எழுதி நிர்வாகம் செய்யும் நிறுவனம் ஈரி இன்டெம்னிட்டி. அது பிரீமியத்தில் 25 விழுக்காடு வரை நிர்வாகக் கட்டணமாக எடுத்துக்கொள்ளலாம். நம் ஊர்ச் சீட்டை நினைத்துப் பார்த்தால் இது எளிதில் விளங்கும்: பணம் உறுப்பினர்களுடையது, நடத்துபவருக்குக் கமிஷன்.

தொடக்க காலத்தில் அவர்களிடம் இருந்த முதலீடு சேவைதான். 1927-இல் வந்து சேர்ந்த சாம் பிளாக், இழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கவனிக்கும் கிளெய்ம் பிரிவைக் கட்டியெழுப்பியவர். 1934-இல், பெருமந்தத்தின் நடுவில், கூடுதல் கட்டணம் எதுவுமின்றிப் பல பாதுகாப்புகளைச் சேர்த்து ‘சூப்பர் ஸ்டாண்டர்டு’ வாகனப் பாலிசியைக் கொண்டுவந்தார்கள். போட்டியாளர்கள் செலவைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது பாலிசியின் உள்ளடக்கத்தை விரிவாக்கியது துணிச்சலான முடிவு. ஆனால் நிலப்பரப்பில் அந்தத் துணிச்சலை அவர்கள் காட்டவில்லை. பென்சில்வேனியாவுக்கு வெளியே, பக்கத்து மாநிலமான மேரிலாந்துக்குள் அவர்கள் காலடி வைத்தது 1953-இல்தான். அதாவது 28 ஆண்டுகள் ஒரே மாநிலத்திலேயே ஊன்றி நின்றார்கள்.

இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1945-இல் வந்த மக்காரன்-ஃபெர்குசன் சட்டம் காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடமே விட்டுவிட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் தனி உரிமம், தனிக் கட்டண விண்ணப்பம், விபத்து வழக்குகளுக்குத் தனிச் சட்டம். எடுத்துக்காட்டாக, பென்சில்வேனியாவில் 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வலிக்கும் வேதனைக்கும் வழக்குத் தொடரும் உரிமையைக் குறைத்துக்கொண்டு மலிவான பிரீமியம் பெறுவதா, முழு உரிமையோடு கூடுதலாகக் கட்டுவதா என்று பாலிசி எடுப்பவரே முடிவு செய்ய வேண்டும். இப்படிப்பட்ட நுணுக்கங்களை நன்றாக அறிந்த நிறுவனத்துக்குச் சொந்த மாநிலத்தில் கிடைக்கும் ஆதாயம், புதிய மாநிலத்தில் நுழையும்போது கரைந்துவிடுகிறது.

வாகனப் பாலிசியால் வளர்ந்த நிறுவனம் வீட்டுப் பாலிசியையும் எழுதத் தொடங்கும்போது அதன் தன்மையே மாறிவிடுகிறது என்பது என் கருத்து. வாகன விபத்துகள் தனித்தனியாக நிகழ்பவை. பிட்ஸ்பர்க்கில் ஒருவர் பின்னால் இடித்ததற்கும் ஈரியில் இன்னொருவர் பனியில் சறுக்கியதற்கும் தொடர்பில்லை. வீடுகள் அப்படியல்ல. ஒரே மாலையில் அடிக்கும் புயல் ஒரே தெருவின் நாற்பது கூரைகளையும் சேர்த்தே பெயர்க்கும். எனவே வட்டார நிறுவனத்தின் வளர்ச்சியை எத்தனை பாலிசி விற்றது என்பதை வைத்து அளக்கக் கூடாது. எழுதிய பாலிசிகளுக்குப் பின்னால் எவ்வளவு உபரி நிதி நிற்கிறது, அந்தப் பாலிசிகள் எவ்வளவு நெருக்கமாக ஒரே வானத்தின்கீழ் குவிந்திருக்கின்றன என்பதை வைத்தே அளக்க வேண்டும்.

#2 கணக்கன்

நல்ல தொடக்கம், ஐயா. ஆனால் ஈரியின் வளர்ச்சி என்று நீங்கள் சொல்வது யாருடைய வளர்ச்சி என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இங்கே இரண்டு நிறுவனங்கள் இருக்கின்றன. எக்ஸ்சேஞ்ச் பாலிசிதாரர்களுடையது. ஈரி இன்டெம்னிட்டியோ 1995 முதல் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கு நிறுவனம். 2024 செப்டம்பரில் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 குறியீட்டிலும் சேர்ந்தது. பொதுமக்கள் பெரும்பாலும் வாங்கும் ‘ஏ’ வகைப் பங்குக்கு வாக்குரிமை பெரிதாக இல்லை. வாக்குரிமை உள்ள ‘பி’ வகைப் பங்குகள் நிறுவனர் குடும்பத்து அறக்கட்டளையின் பிடியில் இருக்கின்றன.

கட்டணம் பிரீமியத்தின் மீது கணக்கிடப்படுகிறது என்பதே இதில் நெருடலான இடம். புயல் ஆண்டில் எக்ஸ்சேஞ்ச் நட்டப்பட்டாலும், பிரீமியம் கூடியிருந்தால் நிர்வாக நிறுவனத்தின் வருவாய் கூடும். கூரைகளுக்கான இழப்பீட்டைச் சுமப்பது பாலிசிதாரர்களின் உபரி நிதி. பிரீமிய உயர்வின் பலனை அடைவதோ பங்குதாரர்கள். இந்தக் கட்டணம் நியாயமானதா என்று கேட்டுப் பாலிசிதாரர்கள் தொடுத்த வழக்குகள் 2012 முதலே நீதிமன்றங்களில் வந்துகொண்டிருப்பதில் வியப்பில்லை.

நீங்கள் சொன்ன சீட்டையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் சீட்டு நடத்துபவரின் கமிஷனுக்கு 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு உச்சவரம்பு 7 விழுக்காடு. அதோடு ஒப்பிட்டால் 25 விழுக்காடு என்பது கண்ணை உறுத்துகிறது அல்லவா?

#3 காவிரிக்கரையான்

கணக்கன் அவர்களே, உங்கள் கேள்வி நியாயமானது. ஆயினும் அந்த இரண்டு விழுக்காடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது. ஈரி இன்டெம்னிட்டி பெறும் கட்டணத்திலிருந்துதான் ஏஜென்ட் கமிஷன், பாலிசிக்கு விண்ணப்பிப்பவரின் இடரைப் பரிசீலிக்கும் செலவு, பாலிசி வழங்கல், கணினி அமைப்பு ஆகிய எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். கமிஷன்தான் அதில் பெரும்பகுதி. சீட்டு நடத்துபவருக்கு அந்த அளவுக்கு விற்பனைச் செலவு இல்லை. கிளெய்ம்களைக் கையாளும் செலவு மட்டும் எக்ஸ்சேஞ்சின் கணக்கில் சேர்கிறது.

இதே அமைப்பில் உள்ள ஃபார்மர்ஸ் காப்பீட்டு நிறுவனத்தைப் பாருங்கள். 1928-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய அதன் நிர்வாக நிறுவனத்தை 1988-இல் ஒரு பிரிட்டிஷ் புகையிலை நிறுவனம் வாங்கியது. பத்தாண்டுகளில் அது சுவிட்சர்லாந்தின் சூரிக் குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. பாலிசிதாரர்கள் அமெரிக்காவில், நிர்வாகக் கட்டணம் போய்ச் சேருவது ஐரோப்பாவில். ஈரியில் வாக்குரிமையை நிறுவனர் குடும்பம் பிடித்து வைத்திருந்ததால் அந்த நிலை வரவில்லை. வெளியார் வந்து விலை பேசியிருந்தால், நிலப்பரப்பை விரித்துப் பிரீமியத்தைப் பெருக்கு என்றே முதலில் சொல்லியிருப்பார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பங்குதாரரின் நலனும் பாலிசிதாரரின் நலனும் எல்லா ஆண்டிலும் ஒத்துப்போவதில்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் எக்ஸ்சேஞ்சின் உபரி நிதி மெலிந்தால் அதன் நிதி வலிமைக்குத் தரப்படும் மதிப்பீடு குறையும், மதிப்பீடு குறைந்தால் ஏஜென்ட்கள் வாடிக்கையாளர்களை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவார்கள், அப்போது கட்டணம் எடுக்கப் பிரீமியமே இருக்காது. ஈரியின் ஏஜென்ட்கள் தனி வணிகர்கள். பல நிறுவனங்களின் பாலிசிகளை விற்பவர்கள். பாலிசியைப் புதுப்பிக்கும் வாடிக்கையாளர்களின் பட்டியல் அவர்களுடைய சொத்து. ஸ்டேட் ஃபார்மின் ஏஜென்ட் அந்த ஒரே நிறுவனத்துக்காக உழைப்பவர், அவரால் அப்படி எளிதில் வெளியேற முடியாது. ஏஜென்ட் கைவிட்டுவிடுவார் என்ற அச்சமே ஈரியை நூறாண்டு காலம் ஒழுங்காக வைத்திருக்கிறது என்பது என் மதிப்பீடு.

#4 செவ்வந்தி

நான் ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸுக்கு அருகே வசிக்கிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, அது இங்கே பேசப்படும் நிறுவனங்களில் ஒன்றும் அன்று. ஆனால் வட்டார நிறுவனம் என்ற சொல் நடைமுறையில் என்ன பொருள் தருகிறது என்பதற்கு என் அனுபவம் பயன்படலாம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு வசந்த கால மாலையில் ஆலங்கட்டி மழை பெய்தது. சில நாட்களில் கிளெய்ம் மதிப்பீட்டாளர் ஏணியோடு வந்தார். கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி அளவில் சுண்ணக்கட்டியால் ஒரு சதுரம் வரைந்தார். அதற்குள் ஆலங்கட்டி விழுந்து தார்ப்பூச்சின் மணல் உதிர்ந்த இடங்களை வட்டமிட்டு எண்ணினார். மேற்குச் சரிவில் வட்டங்கள் நெருக்கமாக இருந்தன, கிழக்கில் ஏறத்தாழ இல்லை. தகர வடிகால்களிலும் குளிர்சாதனக் கருவியின் மெல்லிய தகடுகளிலும் இருந்த குழிவுகளைத் தனியே படமெடுத்துக்கொண்டார். அவர் எங்கள் வீட்டை முடித்துவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போனார். அதே தெருவில் அதே நிறுவனத்தின் பாலிசி வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்பது அன்றுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. ஒரே உள்ளூர் ஏஜென்டிடம், ஒருவர் சொல்லி ஒருவராக, நாங்கள் எல்லோரும் போயிருந்தோம்.

இழப்பீடு இரண்டு காசோலைகளாக வந்தது. முதலில் கூரையின் வயதுக்கான தேய்மானத்தைக் கழித்து ஒரு தொகை. வேலையை முடித்துப் பில்லைக் காட்டிய பிறகே எஞ்சிய தொகை. அதற்கடுத்த புதுப்பித்தலில் எங்களுக்கு வந்த அறிவிப்பில், புயலுக்கும் ஆலங்கட்டிக்கும் நாங்களே ஏற்க வேண்டிய தொகை ஆயிரம் டாலர் என்ற நிலையான எண்ணிலிருந்து, வீட்டின் காப்பீட்டுத் தொகையில் ஒரு விழுக்காடு என்று மாற்றப்பட்டிருந்தது. நான்கு லட்சம் டாலர் வீட்டுக்கு அது நான்காயிரம். எங்கள் வட்டாரத்தில் பலருக்கும் இதே மாற்றம் வந்தது. கார் பாலிசியை ஒன்றாக வைத்திருந்தால் கிடைக்கும் தள்ளுபடிக்காகவே நாங்கள் வீட்டுப் பாலிசியை அங்கே எடுத்திருந்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

காவிரிக்கரையான் ஐயா எழுதிய ‘ஒரே வானத்தின்கீழ்’ என்ற வரியைப் படித்தபோது அந்தத் தெருதான் என் கண்முன் வந்தது. ஏஜென்டின் நற்பெயரால் வளர்கிற நிறுவனத்துக்கு, அந்த நற்பெயரே பாலிசிகளை ஒரே தெருவில் குவித்துவிடுகிறது. இதை நிறுவனங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று அறிய விரும்புகிறேன்.

#5 மலையடிவாரம்

சகோதரி செவ்வந்தியின் கேள்விக்கு, சமாளிக்க முடியாமல் போன இரண்டு நிறுவனங்களின் வரலாற்றைச் சொல்வது உதவும் என்று எண்ணுகிறேன். இரண்டும் நான் வசிக்கும் கலிபோர்னியாவைச் சேர்ந்தவை.

முதலாவது, டுவென்டியத் செஞ்சுரி இன்சூரன்ஸ். 1958-இல் லூயிஸ் ஃபாஸ்டர் தொடங்கிய இந்த வாகனக் காப்பீட்டு நிறுவனம், கவனமாக ஓட்டுபவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஏஜென்ட் இல்லாமல் நேரடியாக விற்று, அந்தக் கமிஷனைப் பிரீமியத்தில் குறைத்துக் கொடுத்தது. தெற்குக் கலிபோர்னியாவில் மலிவு விலைக்கும் நல்ல சேவைக்கும் பெயர்பெற்றது. கார் பாலிசி வைத்திருந்தவர்கள் வீட்டுக்கும் கேட்டார்கள், கொடுத்தார்கள். கலிபோர்னியாவிலோ, வீட்டுப் பாலிசி விற்கும் நிறுவனம் நிலநடுக்கக் காப்பீட்டையும் வழங்க முன்வர வேண்டும் என்று எண்பதுகளின் நடுவிலிருந்தே சட்டம் இருந்தது. ஆக, நல்ல ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுப்பதில் வல்ல ஒரு நிறுவனம், அந்த ஓட்டுநர்கள் உறங்கும் வீடுகளின் அடியில் ஓடும் நிலப்பிளவுகளுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டது.

1994 ஜனவரி 17, அதிகாலை 4:31. சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் அடியில் 6.7 அளவில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம். அந்நிறுவனத்தின் தலைமையகமான உட்லண்ட் ஹில்ஸும் அதே பள்ளத்தாக்கில்தான் இருந்தது. வாடிக்கையாளர்களில் பெரும்பகுதியினர் அதைச் சுற்றியே இருந்தார்கள். முதலில் கணித்த இழப்பு மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே போனது. சுவருக்குள் மறைந்திருந்த விரிசல்களும் அடித்தளச் சேதங்களும் பிறகுதான் வெளிப்பட்டன. முப்பத்தைந்து ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த உபரி நிதி ஓராண்டுக்குள் ஏறத்தாழக் கரைந்துபோனது. அவ்வாண்டின் இறுதியில் ஏஐஜி என்னும் பெரிய காப்பீட்டுக் குழுமம் முதலீடு செய்து காப்பாற்றியது, நிலநடுக்கக் காப்பீட்டிலிருந்து நிறுவனம் விலகியது. பின்னர் ஏஐஜியின் முழு உடைமையாகி, 2009-இல் ஃபார்மர்ஸின் கைக்கு மாறியது. வாகனப் பாலிசியில் அவர்களை யாரும் வீழ்த்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஒரு நிலநடுக்கத்துக்கு, முந்தைய கால் நூற்றாண்டில் கலிபோர்னியா முழுவதும் வசூலித்த நிலநடுக்கப் பிரீமியம் எல்லாவற்றையும் சேர்த்தாலும் போதவில்லை. 1995 தொடக்கத்தில், வீட்டுக் காப்பீட்டுச் சந்தையில் 93 விழுக்காட்டைக் கையில் வைத்திருந்த நிறுவனங்கள் புதிய வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியோ கட்டுப்படுத்தியோ விட்டன. 1996-இல், நிலநடுக்கக் காப்பீடு வழங்கும் கலிபோர்னியா நிலநடுக்க ஆணையம் உருவானதற்கு அதுவே காரணம்.

இரண்டாவது, மெர்சிட் பிராப்பர்ட்டி அண்ட் காஷுவல்ட்டி. சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கம் நிகழ்ந்த 1906-இல் தொடங்கிய மிகச் சிறிய நிறுவனம். 2018 நவம்பர் 8 அன்று கேம்ப் காட்டுத்தீ பாரடைஸ் என்ற மலையூரை ஒரே நாளில் எரித்தது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. மெர்சிட்டின் மொத்தச் சொத்து ஏறத்தாழ 2.3 கோடி டாலர், பாரடைஸ் ஊரில் மட்டும் அது கொடுக்க வேண்டியிருந்ததோ ஏறத்தாழ 6.4 கோடி டாலர். தீ தொடங்கி ஒரு மாதத்துக்குள் மாநில ஒழுங்குமுறை அதிகாரிகள் நிறுவனத்தைக் கையகப்படுத்தினார்கள். 112 ஆண்டுகள் நீடித்த நிறுவனம் ஒரு காலைப் பொழுதில் எழுந்த தீயால் முடிந்தது.

மெர்சிட் நிறுவனத்தார் கவனமற்றவர்கள் என்று நான் எண்ணவில்லை. பெரிய நிறுவனங்கள் தயங்கிய மலையூர்களில் வீடு வைத்திருந்தவர்களுக்கு, அந்த ஊரை அறிந்த சிறு நிறுவனமே துணை நின்றது. ஒரே ஊரில் அத்தனை பாலிசிகளை எழுதிவிட்டு, அந்த ஊரே எரிந்தால் என்ன ஆகும் என்ற கணக்கைப் போடாமல் விட்டதே கேடு. ஈரியைப் போற்றும் நண்பர்கள் இதற்கும் விடை சொல்ல வேண்டும்: வட்டாரத்தை விட்டு விலகாமல் இருப்பது நற்பண்பு என்றால், மெர்சிட்டை விட அதைக் கடைப்பிடித்தவர் யார்?

#6 காவிரிக்கரையான்

மலையடிவாரம் அவர்களின் கேள்வியால்தான் இந்த விவாதம் ஆழமாகிறது. வட்டாரத்தில் நிற்பது மட்டும் போதாது. எந்த வட்டாரம், எத்தனை அகலம், எவ்வளவு மறுகாப்பீடு (காப்பீட்டு நிறுவனம் தன் இழப்புக்காக வேறொரு நிறுவனத்திடம் எடுக்கும் காப்பீடு) என்பவற்றைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஈரியின் வரைபடத்தைப் பாருங்கள். விஸ்கான்சினிலிருந்து வட கரோலினா வரை பரவியிருக்கிறது. ஃபுளோரிடாவும் மெக்சிகோ வளைகுடாக் கரையும் கலிபோர்னியாவும் அதில் இல்லை. ஆண்ட்ரூ சூறாவளி 1992-இல் ஃபுளோரிடாவில் பல நிறுவனங்களைத் திவாலாக்கியபோதும், நார்த்ரிட்ஜ் கலிபோர்னியாவை உலுக்கியபோதும் இவர்கள் வெளியே நின்றார்கள். அதே வேளையில், ஒரே புயல் எல்லா மாநிலங்களையும் தாக்க முடியாத அளவுக்கு நிலப்பரப்பு அகலமாகவும் இருக்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகப் பக்கத்து மாநிலங்களைச் சேர்த்துக்கொண்டே போனதன் பெரிய பலன் இதுதான் என்று நான் கருதுகிறேன்.

செவ்வந்தி அவர்களின் தெருவுக்கு வருவோம். தெருவளவில் குவிவதைக் கணினி மாதிரிகள் இன்று காட்டுகின்றன. ஒவ்வொரு வீட்டின் இருப்பிடத்தையும் வைத்து, ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களை ஓட்டிப் பார்த்து, ஓர் இரவில் அதிகபட்சம் எவ்வளவு இழக்க நேரிடும் என்று கணிக்கிறார்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட இழப்பை மறுகாப்பீட்டாளர் ஏற்கிறார். ஆனால் ஆலங்கட்டி மழையின் தொல்லை வேறுவிதமானது. ஒவ்வொரு நிகழ்வும் மறுகாப்பீட்டின் வாசலை எட்டாத அளவில் நின்றுவிடுகிறது. அப்படி ஓராண்டில் இருபது நிகழ்வுகள் வந்தால், இருபதையும் நிறுவனமே தன் உபரி நிதியிலிருந்து கட்ட வேண்டும். 2023 தொடக்கத்தில் மறுகாப்பீட்டு விலை கடுமையாக ஏறியபோது அந்த வாசலும் உயர்ந்துவிட்டது. உங்களுக்கு வந்த ஒரு விழுக்காட்டு அறிவிப்பின் பின்னணி இதுவே. நிறுவனம் சுமக்க முடியாத பகுதியை வீட்டுக்காரரிடமே திருப்பித் தருகிறது.

இதோடு வளர்ச்சியின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். மூன்று டாலர் பிரீமியத்துக்கு ஒரு டாலர் உபரியாவது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க ஒழுங்குமுறையில் பழைய அளவுகோல். வேகமாக விற்றால் பிரீமியம் உடனே கூடும், உபரி கூடாது. மேலும், புதிதாக வந்த வாடிக்கையாளர்கள் முதல் சில ஆண்டுகளில் பழையவர்களை விட அதிக இழப்பைக் கொண்டுவருவார்கள் என்பது துறையில் எல்லோரும் அறிந்தது. ஆகவே விற்பனை பெருகும் ஆண்டிலேயே நிறுவனம் பலவீனமாகவும் இருக்கக்கூடும்.

ஈரியும் இதிலிருந்து தப்பவில்லை. அவர்களின் வாகனப் பாலிசி பெரும்பாலும் ஓராண்டுக்கானது. பல போட்டியாளர்கள் ஆறு மாதத்துக்கே எழுதுகிறார்கள். அதற்கு மேல், காரையோ ஓட்டுநரையோ முகவரியையோ மாற்றாதவரை பிரீமியத்தை உயர்த்துவதில்லை என்ற ‘ரேட் லாக்’ வசதியையும் பல மாநிலங்களில் கொடுத்தார்கள். அமைதியான காலத்தில் வாடிக்கையாளரைக் கட்டிப்போட்டது அந்த வசதி. 2021-க்குப் பிறகு பழைய கார்களின் விலையும் உதிரிப் பாகங்களின் விலையும் ஏறின. ஒரு காலத்தில் தகரமும் பெயின்ட்டுமாக இருந்த பம்பருக்குள் ரேடார் உணரியும் கேமராவும் வந்துவிட்டதால், சிறு உரசலுக்குக்கூட ஆயிரக்கணக்கில் செலவானது. அந்தச் செலவைப் பிரீமியத்தில் சேர்க்க மற்றவர்களை விட ஈரிக்கு அதிக காலம் பிடித்தது. வாடிக்கையாளருக்கு மிகவும் பிடித்த அம்சமே நிறுவனத்துக்குச் சுமையானது வருத்தத்துக்குரியது. ஆனாலும் அந்த வாக்கைக் கொடுத்ததற்காக அவர்களை மதிக்கிறேன்.

இதனால் பெரிய நிறுவனமே பாதுகாப்பு என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். ஸ்டேட் ஃபார்மும் 1922-இல் இலினாயின் ப்ளூமிங்டனில், விவசாயிகள் குறைவாகவே கார் ஓட்டுகிறார்கள், அவர்களுக்குக் குறைந்த பிரீமியம் போதும் என்ற எண்ணத்தோடு ஜார்ஜ் மெக்கர்லி தொடங்கிய வட்டார நிறுவனம்தான். இருபதே ஆண்டுகளில் நாட்டின் மிகப்பெரிய வாகனக் காப்பீட்டு நிறுவனமானது. நாடு முழுவதும் பரவியிருந்தும் 2023-இல் வாகன, சொத்துக் காப்பீட்டில் அதன் நட்டம் 1,410 கோடி டாலர். அதே ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவில் புதிய வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியது.

#7 பிட்ஸ்பர்க் புதியவன்

நான் இங்கே வந்து முதல் வீடு வாங்கப் போகிறேன், அண்ணன்மார்களே. கார் பாலிசி ஏற்கெனவே ஒரு வட்டார நிறுவனத்தில் இருக்கிறது. ஏஜென்ட் வீட்டையும் அங்கேயே சேர்த்தால் நல்ல தள்ளுபடி கிடைக்கும் என்கிறார். மேலே படித்த பிறகு தயக்கமாக இருக்கிறது. நான் எவற்றைப் பார்க்க வேண்டும்?

#8 கணக்கன்

தம்பி, தயங்க வேண்டியதில்லை, பார்த்துச் செய்தால் போதும். பென்சில்வேனியாவில் நிலநடுக்கமும் காட்டுத்தீயும் உங்கள் முதன்மைக் கவலை அல்ல. காற்று, ஆலங்கட்டி, உறைபனியில் வெடிக்கும் தண்ணீர்க் குழாய், மரம் சாய்தல் ஆகியவைதான். வெள்ளம் சாதாரண வீட்டுப் பாலிசியில் சேராது. வீடு ஆற்றை ஒட்டியோ தாழ்வான இடத்திலோ இருந்தால் அதற்குத் தனிப் பாலிசி எடுங்கள். நிலவறைச் சாக்கடை பின்னோக்கி வருவதற்கும் தனிச் சேர்க்கை உண்டு. பிட்ஸ்பர்க்கின் பழைய பகுதிகளில் அதை விடாதீர்கள்.

தள்ளுபடியை விட, பாலிசியின் முதல் பக்கத்தில் கூரைக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதே உங்களுக்கு முக்கியம். முழு மாற்றுச் செலவா, தேய்மானம் போக எஞ்சிய மதிப்பு மட்டுமா? காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை நிலையான எண்ணா, விழுக்காடா? செவ்வந்தி அம்மா எழுதியதை இன்னொரு முறை படியுங்கள். பதினைந்து வயதான கூரையோடு வீட்டை வாங்கினால் இந்த இரண்டு வரிகளில் பல ஆயிரம் டாலர் அடங்கியிருக்கிறது.

நிறுவனத்தைப் பொறுத்தவரை, காப்பீட்டு நிறுவனங்களின் நிதி வலிமையை அளக்கும் ஏ.எம். பெஸ்ட் மதிப்பீட்டைப் பாருங்கள், ஆனால் இன்றைய எழுத்தோடு நிறுத்தாமல் ஐந்தாண்டுகளாக அது எந்தத் திசையில் போகிறது என்பதையும் கவனியுங்கள். எக்ஸ்சேஞ்ச் வகை நிறுவனமாக இருந்தால், நட்டம் வந்தால் பாலிசிதாரர்களிடம் கூடுதல் தொகை கேட்கும் உரிமை அதற்கு இருக்கிறதா என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். இன்று பெரிய எக்ஸ்சேஞ்சுகள் பெரும்பாலும் அப்படிக் கேட்க முடியாத பாலிசிகளையே வழங்குகின்றன. நிறுவனம் திவாலானால் மாநில உத்தரவாத நிதி இழப்பீட்டை ஏற்கும், ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. பல மாநிலங்களில் ஒரு கிளெய்முக்கு மூன்று லட்சம் டாலர். உங்கள் வீட்டைத் திரும்பக் கட்டும் செலவு அந்த வரம்பை மிகவும் தாண்டுமானால், சிறிய நிறுவனத்தின் நிதிநிலையைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

கட்டணக் கேள்வியில் நானும் காவிரிக்கரையான் அவர்களும் இன்னும் வேறு வேறு கரையில்தான் நிற்கிறோம். ஆனால் தனி ஏஜென்டின் வலிமையைப் பற்றி அவர் சொன்னதை உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன். பல நிறுவனங்களுக்கு விற்கும் ஏஜென்டிடம் போய், வீட்டைச் சேர்த்தும் பிரித்தும் மூன்று நிறுவனங்களின் விலையை, கூரைக்கான அந்த இரண்டு வரிகளோடு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீடு பத்திரப் பதிவாகும் நாளுக்கு மூன்று வாரம் முன்பே கேட்டுவிடுங்கள். கடன் கொடுக்கும் வங்கி பாலிசிச் சான்றைக் கேட்கும்போது அவசரத்தில் கிடைத்ததை எடுக்கும் நிலை வரக் கூடாது.